பேட்டரிக்கு ஒரு மூடி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வயர்லெஸ் கேம் கன்ட்ரோலர்களை, அதாவது வீடியோ விளையாட்டைக் கையில் பிடித்து இயக்கும் கருவிகளை, ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. பொத்தான்களின் அழுத்தம், ஸ்டிக்கின் துல்லியம், கைக்கு அடங்கும் வடிவம் என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக எழுதியிருந்தார்கள். பேட்டரி என்று வந்ததும் நாலே வரி. இரண்டு பென்சில் செல் போடும் கன்ட்ரோலர் பழைய காலத்துச் சமாசாரமாம், அதற்கு மதிப்பெண் குறைவு. பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிவிட்டு, கேபிள் செருகினால் சார்ஜ் ஏறும்படி செய்த கன்ட்ரோலருக்கு முழு மதிப்பெண். அந்த நாலு வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். செல்லும் வோல்ட்மீட்டரும் மின்தடைப் பெட்டியுமாகத்தான் என் வேலை நாட்கள் போயின. இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். பேரன், பேத்தியோடு நானும் உட்கார்ந்து கால்பந்தும் கார் பந்தயமும் விளையாடுவேன். வீட்டில் ஐந்து கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. அவற்றைத் துடைப்பது, சார்ஜ் போடுவது, பழுது வந்தால் பிரித்துப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. எது எப்போது சார்ஜ் ஆனது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதியும் வைக்கிறேன். ஆய்வகத்தில் பழகிய பழக்கம், விடவில்லை.

பேரனுக்கு ஒன்பது வயதில் ஒரு கன்ட்ரோலர் வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பேட்டரி உள்ளே இருக்கும், வெளியே மூடி கிடையாது. விளையாடி முடித்ததும் அதைச் சார்ஜிங் ஸ்டாண்டில் வைத்துவிட வேண்டும் என்று நான்தான் அவனைப் பழக்கினேன். ஒரு நாள் தவறாமல் வைப்பான். முதல் வருடம் ஒரு சார்ஜுக்கு ஒன்பது மணி நேரம் ஓடியதாக நோட்டில் இருக்கிறது. மூன்றாம் வருடம் நாலு மணி நேரம். நாலாம் வருடம் முக்கால் மணி நேரத்திலேயே சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. பிறகு கேபிளைச் செருகிக்கொண்டேதான் விளையாடினான். அப்புறம் ஒரு நாள் காலையில், "பாட்டி, இது வாயைத் திறந்திருக்கு பாருங்க" என்று எடுத்து வந்தான். மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் கோட்டில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

எனக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. அவன் கையிலிருந்து வாங்கி, சார்ஜ் ஸ்டாண்டின் மின்சாரத்தை நிறுத்தி, திறந்த இடத்தில் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டுவிட்டு மறுநாள் மெதுவாகத் திருகுகளைக் கழற்றினேன். தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி சின்னத் தலையணை மாதிரி உப்பியிருந்தது. அந்தப் பேட்டரி முந்தைய நாள் காலைவரை பதின்மூன்று வயதுப் பிள்ளையின் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

இது ஏன் நடக்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. லித்தியம் அயன் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த உச்சத்திலேயே நாள் கணக்கில் நிற்பதும், கூடவே வெப்பமும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகும். உறை இறுக மூடியிருப்பதால் வாயு போக இடமில்லை, அதனால் உப்புகிறது. சார்ஜிங் ஸ்டாண்டில் எப்போதும் நூறு சதவீதத்தில் உட்கார்ந்திருந்த கன்ட்ரோலருக்கு இது சீக்கிரம் நடந்தது. ஒழுங்காக ஸ்டாண்டில் வைத்த பிள்ளையின் பேட்டரிதான் முதலில் கெட்டது. அவனை அப்படிப் பழக்கியவள் நான் என்பதால் எனக்கு அது மிகவும் உறுத்துகிறது. பெட்டியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருந்திருந்தால் வேறு மாதிரி பழக்கியிருப்பேன்.

சரி, பேட்டரி கெட்டது, மாற்றிவிடலாம் என்று சேவை மையத்துக்குப் போனோம். பேட்டரி தனியாகத் தருவதில்லை, உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது, புதுக் கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வேறொரு இடத்தில் அதே அளவுப் பேட்டரி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். மாற்ற உட்கார்ந்தால், பழையது பசை நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. அதன் மேலேயே ஒரு மெல்லிய பட்டை கேபிள் போகிறது. என் கை நிதானமான கைதான், நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் கால்வனோமீட்டரின் ஊசியைச் சரி செய்த கை. அப்படியும் பசையிலிருந்து பேட்டரியைப் பிரிக்கும்போது அந்தப் பட்டை கேபிள் கிழிந்துவிட்டது. கன்ட்ரோலர் போயிற்று. அதில் ஒரு பொத்தான்கூடப் பழுதில்லை, ஸ்டிக் இரண்டும் புதிது போல் இருந்தன. வேண்டியதெல்லாம் ஒரு பேட்டரி. அதற்காக முழுக் கருவியும் குப்பை.

இதே வீட்டில் இன்னொரு கன்ட்ரோலர் இருக்கிறது. மகள் கல்லூரியில் படித்த நாளில் வாங்கிய, மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவியின் வயர்லெஸ் கன்ட்ரோலர். அந்த மாதிரி 2005-இல் வெளிவந்தது. முதுகில் ஒரு சின்னப் பெட்டி, அதைக் கழற்றினால் உள்ளே இரண்டு பென்சில் செல். ரப்பர் தேய்ந்துவிட்டது, ஒரு பொத்தானின் எழுத்து அழிந்துவிட்டது, ஆனால் நேற்று இரவுகூட பேத்தி அதை வைத்துத்தான் என்னைத் தோற்கடித்தாள். அதில் நான் ரசிக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்த முதுகுப் பெட்டிக்குப் பதிலாக அதே இடத்தில் சார்ஜ் ஆகும் பேட்டரிப் பெட்டி ஒன்றைப் பொருத்தலாம். அதை கேபிள் வழியாக, விளையாடிக்கொண்டே சார்ஜ் செய்யலாம். தேவைப்பட்டால் கழற்றிவிட்டு மறுபடி பென்சில் செல் போடலாம். உங்கள் கட்டுரையாளர் நவீனம் என்று சொன்ன வசதி, கழற்றி மாட்டும் வசதியோடு சேர்ந்தே அப்போதே கிடைத்தது.

பென்சில் செல்லில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் அல்கலைன் செல்லை கன்ட்ரோலரில் போடுவதை நான் எங்கள் வீட்டில் நிறுத்தியே விட்டேன். அதே 360 கன்ட்ரோலரை ஒரு வருடம் அல்கலைன் செல்லோடு பெட்டியில் மறந்து வைத்துவிட்டோம். எடுத்துப் பார்த்தபோது செல்லின் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. செல் காலியான பிறகும் உள்ளே வேதிவினை ஓய்வதில்லை, ஹைட்ரஜன் வாயு சேர்ந்து அழுத்தம் கூடி, அடைப்பைத் தள்ளிக்கொண்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வரும். அது காரம், தோலை அரிக்கும், உலோகத்தையும் அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். சுருள் கம்பி ஒன்று இற்றுப்போயிருந்தது, இன்னொரு பழைய பொம்மையிலிருந்து எடுத்து மாற்றினேன். கன்ட்ரோலர் பிழைத்தது. இங்கேயும் பேட்டரி கெட்டுத்தான் போனது, ஆனால் கெட்ட இடம் ஒரு மூடிக்குப் பின்னால் இருந்தது. என்னால் கை வைத்துச் சரி செய்ய முடிந்தது. இரண்டு கன்ட்ரோலருக்கும் உள்ள வித்தியாசம் அந்த மூடிதான்.

அதன் பிறகு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான், அதாவது சார்ஜ் ஆகும் பென்சில் செல். எட்டு செல் வாங்கி, நகப்பூச்சால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு, இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்து வைத்திருக்கிறேன். ஜோடியைப் பிரிக்கக் கூடாது. பலவீனமான செல்லையும் பலமான செல்லையும் சேர்த்துப் போட்டால் பலவீனமானது அதல பாதாளத்துக்கு இழுக்கப்பட்டுச் சீக்கிரம் சாகும். உறையில் 1,900 மில்லிஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது, அதாவது செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு. ஒன்பது வருடம் கழித்து, அளவு காட்டும் சார்ஜரில் போட்டுப் பார்த்தால் 1,600-ஐ ஒட்டி நிற்கின்றன. இந்தக் கணக்கை உங்கள் கட்டுரையாளர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உள்ளே மூடி வைத்த பேட்டரி நாலு வருடத்தில் செத்த வீட்டில், இந்தச் செல்கள் ஒன்பது வருடமாக உழைக்கின்றன. இன்றைக்கு ஒரு ஜோடி செத்தாலும் நான் இழப்பது அந்த ஜோடியை மட்டும்தான்.

முன்பு இந்த வகைச் செல்லுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது, அது நியாயமான பெயர்தான். சார்ஜ் போட்டு அலமாரியில் வைத்தால் சில மாதத்தில் சும்மா இருந்தே காலியாகிவிடும். ஆய்வகத்தில் நானே நொந்திருக்கிறேன். 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற செல்லைக் கொண்டுவந்தபோதுதான் இது மாறியது. ஒரு வருடம் கழித்தும் 85 சதவீதம் சார்ஜ் நிற்கும் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வகைக்கு மாறின. பென்சில் செல் பழைய காலம் என்று சொல்பவர்கள் பலர் மனதில் வைத்திருப்பது 2005-க்கு முந்தைய செல்லைத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அல்கலைன் செல் புதிதில் 1.5 வோல்ட், தீரத் தீரச் சரிவாக இறங்கும். சார்ஜ் ஆகும் செல் 1.2 வோல்ட்டிலேயே நெடுநேரம் சமமாக நின்று, கடைசியில் திடீரென்று விழும். கன்ட்ரோலர் வோல்ட்டை வைத்துத்தான் மீதியைக் கணிக்கிறது. ஆகவே எங்கள் வீட்டுக் கன்ட்ரோலர் பாதி இருக்கிறது, பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு, பேரன் கோல் போடப் போகும் நேரம் அணைந்திருக்கிறது. எந்த வகைச் செல் போட்டிருக்கிறோம் என்று அமைப்பில் தேர்ந்தெடுக்க ஒரு வசதி கொடுத்தால் இது தீர்ந்துவிடும்.

உள்ளே வைத்த பேட்டரிக்கும் நியாயம் செய்ய வேண்டும். இரண்டு பென்சில் செல் சுமார் ஐம்பது கிராம் எடை, லித்தியம் பேட்டரி அதே ஆற்றலை அதைவிடக் குறைந்த எடையில் தரும். தட்டையாக, வேண்டிய வடிவத்தில் செய்யலாம். தனி சார்ஜர் வேண்டாம், போன் கேபிளே போதும். எனக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி உண்டு. குளிர்ந்த காலை நேரத்தில் சில கன்ட்ரோலர்களின் செல் மூடியை அழுத்தித் தள்ள என்னால் முடிவதில்லை, பேத்தியைக் கூப்பிடுகிறேன். கை பலம் குறைந்தவர்களுக்குக் கேபிள் செருகுவது எத்தனையோ சுலபம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டு ஐந்தில் மூன்று அப்படிப்பட்டவைதான்.

உங்கள் கட்டுரை தவறிய இடம் வேறு. எந்த வகைப் பேட்டரி என்பது ஒரு கேள்வி, அதைக் கழற்ற முடியுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டு, லித்தியம் வேண்டுமானால் மூடி கிடையாது, மூடி வேண்டுமானால் பென்சில் செல்தான் என்பது போல எழுதிவிட்டார்கள். அப்படி ஒரு கட்டாயம் எங்குமே கிடையாது.

நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டுக் கருவியின் புரோ கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்தது. 1,300 மில்லிஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு சுமார் 40 மணி நேரம், முழுதாக ஏற ஆறு மணி நேரம் என்று நிறுவனமே சொல்கிறது. பார்க்க உள்ளே மூடியதுதான். ஆனால் கைப்பிடிகளில் ஆளுக்கொரு திருகு, பின்தட்டில் சில திருகு, இவற்றைக் கழற்றினால் பேட்டரி ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் தொட்டில் போட்ட மாதிரி கிடக்கிறது. ஒயர் இல்லை, பசை இல்லை, விரலால் நெம்பினால் வந்துவிடும். அதன் மேல் சிடிஆர்-003 என்று எண் இருக்கும். 2011-இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியில் போட்ட அதே பேட்டரி அது. அதே நிறுவனத்தின் வீ யூ என்ற கருவியின் புரோ கன்ட்ரோலரிலும் அதுவேதான். வேறு வேறு மூன்று கருவிகளுக்கு ஒரே பேட்டரி. எங்கள் வீட்டில் பேத்தியின் புரோ கன்ட்ரோலருக்குப் பேட்டரி மாற்ற எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தத் திருகுகளுக்குப் பதில் ஒரு மூடி மட்டும் வைத்திருந்தால் எனக்குப் புகாரே இருந்திருக்காது. எயிட்பிட்டோ நிறுவனத்தின் புரோ 2 இன்னும் ஒரு படி மேலே. முதுகில் மூடி, உள்ளே 1,000 மில்லிஆம்பியர் மணி லித்தியம் பேட்டரிப் பெட்டி, அதைக் கழற்றிவிட்டு இரண்டு பென்சில் செல்லும் போடலாம்.

பழைய நோக்கியா போன்களின் பிஎல்-5சி பேட்டரி பலருக்கு நினைவிருக்கும். போனுக்காகச் செய்த அந்தத் தட்டைப் பேட்டரி பிறகு சின்ன ரேடியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் பரவி, பென்சில் செல் மாதிரி ஒரு பொது அளவாகவே ஆகிவிட்டது. கன்ட்ரோலர்களுக்கும் அப்படி ஒரு அளவு வந்துவிட்டால் எந்த நிறுவனத்தின் கன்ட்ரோலர் வாங்கினாலும் பேட்டரிக்காக அலைய வேண்டியிருக்காது. பென்சில் செல்லின் அளவு 1947-இலேயே அமெரிக்காவில் தரமாக்கப்பட்டது. 14.5 மில்லிமீட்டர் குறுக்கு, 50.5 மில்லிமீட்டர் நீளம். அன்று வகுத்த அளவுக்கு இன்று செய்கிற செல் பொருந்துகிறது என்றால், லித்தியம் பேட்டரிக்கு அதைச் செய்வதில் என்ன தடை?

பாதுகாப்புதான் தடை என்பார்கள். லித்தியம் பேட்டரியைப் பிள்ளைகள் கையில் எட்ட விடக் கூடாது, அதனால்தான் மூடுகிறோம் என்பார்கள். மெல்லிய உறை மட்டும் உள்ள பேட்டரியை வெளியே எடுக்கும்படி வைக்கக் கூடாது, அது உண்மை. அதற்குத்தான் கெட்டியான கூடு. மேலும், நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2007-இல் பிஎல்-5சி பேட்டரிகளில் ஒரு தொகுதி சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று தெரிந்து, 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் குறித்து நோக்கியா எச்சரிக்கை விட்டது. மக்கள் பேட்டரியைக் கழற்றி அதிலுள்ள எண்ணைச் சரிபார்த்தார்கள், மாற்றுப் பேட்டரி வாங்கிக்கொண்டார்கள். போன் அவர்கள் கையிலேயே இருந்தது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது பேட்டரி உள்ளே மூடப்பட்டிருந்தது. சுமார் 25 லட்சம் போன்களை முழுதாகத் திரும்பப் பெற வேண்டியிருந்தது, கடைசியில் அந்த மாதிரியையே நிறுத்தினார்கள். கெட்ட பேட்டரியைக் கருவியிலிருந்து உடனே பிரிக்க முடிவதுதான் பாதுகாப்பு. என் பேரனின் கன்ட்ரோலர் உப்பிய காலையில் ஒரு மூடி இருந்திருந்தால், அரை நிமிடத்தில் அதை வெளியே எடுத்துப் போட்டிருப்பேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. கன்ட்ரோலர்கள் வர வர அதிகமாகச் சாப்பிடுகின்றன. 2006-இல் வந்த, சோனியின் பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவியின் சிக்ஸாக்சிஸ் கன்ட்ரோலரில் 610 மில்லிஆம்பியர் மணி பேட்டரிதான், ஆனால் 30 மணி நேரம் வரை ஓடும் என்றார்கள். அதில் அதிர்வு மோட்டார்கூட இல்லை. 2013-இல் பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர் வந்தது, 1,000 மில்லிஆம்பியர் மணி, அதோடு விளக்கு, ஸ்பீக்கர், தொடுபலகை. 2020-இல் பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ், 1,560 மில்லிஆம்பியர் மணி, அதோடு நுண்ணதிர்வும், விரலை எதிர்த்து அழுத்தும் ட்ரிகர் பொத்தான்களும். பேட்டரி இரண்டரை மடங்கு பெரிதாகியும் ஓடும் நேரம் குறைந்துதான் இருக்கிறது. இதன் பொருள் என்ன? லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் பெரும்பாலும் சார்ஜ் சுற்றில்தான் எண்ணப்படும்; முழுதாக ஏற்றியதை முழுதாகத் தீர்ப்பது ஒரு சுற்று. 500 முழுச் சுற்று வரை நன்றாக இருக்கும், பிறகு தளரும் என்பது பொதுவான கணக்கு. தினம் இரண்டு மணி நேரம் விளையாடினால், 30 மணி நேரம் ஓடுகிற கன்ட்ரோலருக்கு வருடத்துக்கு 24 சுற்று. எட்டு மணி நேரம் ஓடுகிறதற்கு 91 சுற்று. அன்றைக்கு உள்ளே மூடி வைத்தது ஓரளவு பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. கன்ட்ரோலருக்குப் பசி கூடக் கூட மூடி இல்லாதது பெரிய குறையாகிக்கொண்டே வருகிறது. டூயல்சென்ஸில் பேட்டரியைத் தொட வேண்டுமானால் முன்பக்க அலங்காரப் பட்டையை நெம்பி எடுத்து, மேல் பொத்தான்கள் இரண்டையும் கழற்றி, அவற்றின் அடியில் ஒளிந்திருக்கும் திருகுகளைத் தேட வேண்டும். உள்ளே போன பிறகு பேட்டரி ஒரு கனெக்டரில்தான் மாட்டியிருக்கிறது, மாற்றுவது சுலபம். அந்தச் சுலபத்தை வாசல் வரை கொண்டுவரவில்லை, அதுதான் என் ஆற்றாமை.

விலை உயர்ந்த மாதிரி என்றால் நிலைமை நன்றாக இருக்கும் என்றும் இல்லை. எக்ஸ்பாக்ஸின் எலைட் கன்ட்ரோலர் 2015-இல் வந்தபோது பென்சில் செல் போட்டார்கள். 2019-இல் எலைட் 2 வந்தபோது பேட்டரியை உள்ளே மூடிவிட்டார்கள். அதே நிறுவனத்தின் சாதாரண மாதிரி 2020-இலும் பென்சில் செல்லோடுதான் வந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பேட்டரிகளுக்கென்று ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது, அதன் எண் 2023/1542. கையடக்கப் பேட்டரி உள்ள பொருட்களில், அதை உபயோகிப்பவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவியால் கழற்ற முடிய வேண்டும். சூடு காட்டியோ கரைப்பான் ஊற்றியோ பிரிக்க வேண்டியதாக இருக்கக் கூடாது. அந்த மாதிரியின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் மாற்றுப் பேட்டரி கிடைக்க வேண்டும். மென்பொருளை வைத்து மாற்றுப் பேட்டரியைத் தடுக்கவும் கூடாது. நீரில் பயன்படுத்தும் பொருள், சில மருத்துவக் கருவிகள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சேவை மையத்தில் எனக்குக் கிடைத்த பதிலை அங்கே இனி சொல்ல முடியாது. மூடி வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை, திருகு இருந்தாலும் போதும் என்கிறது. எனக்கு மூடிதான் வேண்டும், ஆனாலும் பசையிலிருந்து திருகுக்கு வருவதே பெரிய தூரம்.

அதுவரை கையில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். உள்ளே பேட்டரி உள்ள கன்ட்ரோலரை நான் இப்போது ஸ்டாண்டில் வைப்பதில்லை. விளக்கு மினுக்கும் முன்பே செருகி, நிறைந்ததும் எடுத்துவிடுகிறேன். நெடுநாள் எடுத்து வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கிறேன். முழுதாகக் காலியாகிக் கிடந்தால் வோல்ட் மிகவும் இறங்கி, பாதுகாப்புச் சுற்று மறுபடி சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும். எங்கள் வீட்டில் பதினாலு மாதம் பெட்டியில் கிடந்த ஒன்று அப்படித்தான் எழுந்திருக்கவே இல்லை. பேட்டரி உப்பிவிட்டால் அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பக்கத்தில் கன்ட்ரோலர்களை ஒப்பிடும்போது, கட்டுரையாளர் ஒரு ஸ்க்ரூடிரைவரும் கையில் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு கன்ட்ரோலரையும் திறந்து, பேட்டரியை வெளியே எடுக்க எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு வரி எழுதட்டும். மாற்றுப் பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே போடட்டும். இரண்டே வரி. நாலு வருடம் முன்பு அந்த இரண்டு வரியை எங்காவது படித்திருந்தால், பேரனுக்கு வேறு கன்ட்ரோலர் வாங்கியிருப்பேன்.

பட்டை கேபிள் கிழிந்த அந்தக் கன்ட்ரோலரை நான் தூக்கிப்போடவில்லை. பேட்டரியை மட்டும் கழிவு மையத்தில் கொடுத்துவிட்டு, மேல் ஓடு, கீழ் ஓடு, உள் பாகங்கள் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். பசை ஒட்டியிருந்த இடமும் கேபிள் போகும் வழியும் அதில் தெளிவாகத் தெரியும். உங்கள் கட்டுரையாளர் பார்க்க விரும்பினால் கொடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்